காணப்படாத பண்பும் வாங்கும் முடிவும்: ஹலால் ஒப்பனைப் பொருள் நுகர்வில் நம்பிக்கையின் இடம் (வாலாஜாபாத் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

ஹலால் ஒப்பனைப் பொருள்களை வாங்கும் முடிவுக்குச் சமயப் பற்றையே முதற்காரணமாகக் காட்டும் போக்கு நுகர்வோர் ஆய்வுகளில் மிகுதி. ஒப்பனைப் பொருள் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்தோ பயன்படுத்தியோ அறிய இயலாத நிலையில், அம்முடிவு யாருடைய சொல்லை நம்புவது என்னும் வினாவையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டும் சரிகையும் இதற்கு ஒப்புமையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஹலால், ஒப்பனைப் பொருள், பேணுதல், முத்திரை, நுகர்வோர் நம்பிக்கை

முன்னுரை

காஞ்சிபுரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே, பாலாற்றை அடுத்து அமைந்துள்ளது வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் இது. இராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாபேட்டையும் அவர் பெயரையே கொண்டிருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் உண்டு. கோயில்களாலும் தறிகளாலும் அறியப்பட்ட காஞ்சிபுரத்தின் அண்மையில் இருப்பதால், திருமணத்திற்குப் பட்டெடுப்பது இவ்வட்டாரத்தில் சமய வேறுபாடின்றி நிகழும் செயல். இசுலாமியச் சட்டம் ஆடவர் பட்டாடை அணிவதை விலக்கி, மகளிர்க்கு அதனை அனுமதித்திருப்பதால், நிக்காஹ் நாளில் மணமகள் காஞ்சிப் பட்டு உடுத்துவதற்குத் தடையேதும் இல்லை.

அப்பட்டுடன் மணமகளுக்கு வாங்கப்படும் ஒப்பனைப் பெட்டியோ வேறு வகையான தயக்கங்களை எழுப்புகிறது. உதட்டுச்சாயத்தின் சிவப்பு எதிலிருந்து வந்தது, முகப்பூச்சில் உள்ள கொழுப்பு எந்த விலங்கினுடையது, நறுமணத் தெளிப்பில் சாராயம் உள்ளதா, நகச்சாயம் பூசியிருந்தால் ஒளு நிறைவேறுமா என்பன அவற்றுள் சில. பட்டைப் பொறுத்தவரை வாங்குவோர் ஐயத்தைத் தீர்க்க வழிகள் பல உள்ளன. ஒப்பனைப் பெட்டியைப் பொறுத்தவரை அத்தகைய வழிகள் மிகக் குறைவு. இந்த வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

சொல்லும் வழக்கும்

‘ஹலால்’ என்னும் அரபுச் சொல்லுக்குத் தமிழ் முசுலிம்களின் சமய நூல்கள் ‘ஆகுமானது’, ‘அனுமதிக்கப்பட்டது’ என்றும், ‘ஹராம்’ என்பதற்கு ‘விலக்கப்பட்டது’ என்றும் பொருள் தருகின்றன. பேச்சு வழக்கில் இவ்விரண்டும் ‘கூடும்’, ‘கூடாது’ என்னும் வினைமுற்றுகளாகிவிடுகின்றன. “நெயில் பாலிஷ் போட்டால் தொழுகை கூடுமா?” என்பதே ஆலிம்களிடம் கேட்கப்படும் வினாவின் இயல்பான வடிவம். இயலுதல், சேர்தல், நிறைவேறுதல் ஆகிய மூன்று பொருளும் இச்சொல்லில் அடங்கியுள்ளன என்பது கவனிக்கத்தக்கது. வினா பொருளின் தன்மையைப் பற்றியதாகத் தொடங்கினாலும், அப்பொருளைப் பூசிக்கொண்டவரின் வழிபாடு நிறைவேறுமா என்பதில்தான் சென்று முடிகிறது. உணவுக்கும் ஒப்பனைக்கும் உள்ள வேறுபாடும் இங்கேயே தோன்றுகிறது. உணவில் கேள்வி உண்ணலாமா என்பதோடு நின்றுவிடும். ஒப்பனையிலோ, பூசலாமா என்பதைத் தொடர்ந்து, பூசியபின் தொழலாமா என்னும் இரண்டாம் கேள்வியும் எழுகிறது. சிலருக்கு இந்த இரண்டாவதே முதன்மையானது.

இன்னொரு சொல் ‘பேணுதல்’. ஆகுமானதும் தெளிவு, விலக்கப்பட்டதும் தெளிவு, இவற்றிடையே ஐயத்திற்குரியவை உள்ளன என்னும் நபிமொழியின் கருத்தையொட்டி, ஐயமானவற்றைத் தவிர்த்து நடப்பதைத் தமிழ் முசுலிம்கள் ‘பேணுதல்’ என்கின்றனர். “அவர் பேணுதலானவர்” என்பது ஒருவருக்குக் கிடைக்கும் உயர்ந்த நற்சான்று. காத்தல், போற்றுதல் என்னும் பழந்தமிழ்ப் பொருள் இங்கே ஐயத்திலிருந்து தன்னைக் காத்தல் எனச் சுருங்கி ஆழ்ந்துள்ளது. சந்தை ஆய்வுகளில் பயன்படும் ‘சமயப் பற்று’ என்னும் பொதுச்சொல்லைவிட இச்சொல் வாங்கும் நடத்தையை நுட்பமாக விளக்குகிறது. ஐந்து வேளை தொழுபவர் அனைவரும் முகப்பூச்சின் உட்பொருள் பட்டியலைப் படிப்பதில்லை. பேணுதலானவர் படிக்கிறார், அல்லது வாங்காமலேயே விட்டுவிடுகிறார்.

நம்பியறியும் பண்பு

பொருளியல் அறிஞர் பிலிப் நெல்சன் 1970-இல், வாங்குமுன் தேடி அறியத்தக்க பண்புகளையும் வாங்கிப் பயன்படுத்தியபின் அறியத்தக்க பண்புகளையும் பிரித்துக் காட்டினார். 1973-இல் டார்பி, கார்னி ஆகியோர் மூன்றாவது வகையைச் சேர்த்தனர். பயன்படுத்திய பின்னரும் வாங்குபவரால் அறிய முடியாத பண்பு அது. அதனை ‘நம்பியறியும் பண்பு’ எனத் தமிழில் குறிக்கலாம். உதட்டுச்சாயத்தின் நிறம் முதல் வகை. அது எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது இரண்டாம் வகை. அது ஹலாலா என்பது மூன்றாம் வகை. பன்றிக் கொழுப்பிலிருந்து வந்த கிளிசரினும் தேங்காயெண்ணெயிலிருந்து வந்த கிளிசரினும் தோலுக்கு ஒன்றே.

காஞ்சிபுரம் வட்டார வாசகர்க்கு இது புதிய செய்தியன்று. சரிகை அசலா போலியா என்பதும் பெரும்பாலான வாங்குவோர்க்கு நம்பியறியும் பண்புதான். தறிகாரர் குடும்பத்தில் பிறந்தவர் இழையைச் சுரண்டி உள்ளிருக்கும் சிவப்புப் பட்டு நூலைப் பார்ப்பார். ஓர் இழையைக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருகிறதா என முகர்வார். ஏனையோர் கடைக்காரரின் சொல்லை நம்பினர். அந்நம்பிக்கை குலைந்த இடங்களில் நிறுவனங்கள் தோன்றின. தமிழ்நாடு அரசின் சரிகை நிறுவனம் 1971-இல் காஞ்சிபுரத்தில் அமைந்தது. மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் பட்டு முத்திரைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதை அடுத்துக் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. ஆக, ஒரு பொருளின் உள்ளீட்டைப் பற்றிய ஐயம் கைச்சோதனை, கடைக்காரர் சொல், அரசு முத்திரை என்னும் மூன்று படிகளைக் கடந்து வந்துள்ளது. ஒப்பனைப் பொருளுக்கு முதற்படியே கிடையாது. கிளிசரினைக் கொளுத்திப் பார்த்து அதன் மூலத்தை அறிய முடியாது.

உடம்பில் படும் பொருளின் மூலம் குறித்த ஐயம் இப்பகுதிக்குப் புதிதன்று என்பதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. பாலாற்றின் மேற்கில், வேலூர்க் கோட்டையில் 1806 சூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததன் உடனடிக் காரணங்களுள் புதிய தலைப்பாகையும் ஒன்று. அதில் தோலால் ஆன அணி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அது எந்த விலங்கின் தோல் என்னும் ஐயம் இந்துச் சிப்பாய்களையும் முசுலிம் சிப்பாய்களையும் ஒருசேரத் தாக்கியது. வாலாஜாபாத்தும் அக்காலத்தில் கும்பினிப் படையின் பாசறையாக இருந்த ஊரே. எழுச்சிக்குப் பிற காரணங்களும் இருந்தன என்பதை மறப்பதற்கில்லை. ஆயினும் மூலம் தெரியாத ஒரு பொருளை உடம்பில் தரிக்குமாறு கட்டளையிடுவோர் மீது நம்பிக்கை இல்லாதபோது, சிறு தோல்துண்டும் பெரும் பொருளைப் பெற்றுவிடும் என்பதை அந்நிகழ்வு காட்டுகிறது.

மத்ஹபு வேறுபாடும் வாங்கும் முடிவும்

ஹலால் என்பதை ஒரே வரையறை கொண்ட பண்பாகக் கருதிக் கருத்தாய்வுப் படிவம் தயாரிக்கும்போது முதற்பிழை நிகழ்கிறது. தமிழகக் கடற்கரை ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய இடங்களின் மரைக்காயர் மரபினர் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். உள்நாட்டு இராவுத்தர்களும், பழைய ஆர்க்காட்டு நவாப் ஆட்சிப் பகுதிகளில் வாழும் உருது பேசும் முசுலிம்களும் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர். ஒப்பனைப் பொருளைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பெயரளவிலானதன்று.

அசுத்தமான பொருள் ஒன்று முற்றிலும் வேறொரு பொருளாக மாறிவிட்டால் அதன் அசுத்தமும் நீங்கிவிடுமா என்பதே இங்குள்ள சிக்கல். இம்மாற்றம் அரபியில் ‘இஸ்திஹாலா’ எனப்படும். ஹனஃபி மரபில் இமாம் முகம்மது அஷ்-ஷைபானியின் கருத்தைப் பின்பற்றி, முழுமையான மாற்றம் பொருளைத் தூய்மையாக்கும் எனக் கொள்வர். உப்பளத்தில் விழுந்து உப்பாகவே ஆகிவிட்ட கழுதை, அசுத்தமான எண்ணெயிலிருந்து காய்ச்சப்பட்ட சோப்பு ஆகியவை அம்மரபின் நூல்கள் தரும் எடுத்துக்காட்டுகள். சோப்புக் கட்டியைப் பற்றி இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்காடியுள்ளனர் என்பது வியப்பளிப்பது. ஷாஃபி மரபோ இம்மாற்றத்தை மிகக் குறைந்த இடங்களிலேயே ஏற்கிறது. மது தானே காடியாவதும், தோல் பதனிடப்பட்டுத் தூய்மையடைவதும் அவற்றுள் முதன்மையானவை. பதனிடலிலும் பன்றித் தோலுக்கும் நாய்த் தோலுக்கும் இடமில்லை.

இதன் விளைவு கடைத்தெருவில் தெரிகிறது. விலங்குக் கொழுப்பிலிருந்து பெறப்பட்ட ஸ்டியரிக் அமிலம் கலந்த ஒரே சோப்பை, தன் மத்ஹபு நூல்களைக் கற்ற ஹனஃபி ஆலிம் ஒருவர் அனுமதிக்கலாம். ஷாஃபி ஆலிம் தடுக்கலாம். நறுமணப் பொருள்களில் உள்ள எத்தனால் குறித்தும் இத்தகைய வேறுபாடு உண்டு. திராட்சை, பேரீச்சை ஆகியவற்றிலிருந்து பெறப்படாத சாராயத்தை வெளிப்பூச்சுக்குப் பயன்படுத்துவதில் ஹனஃபி அறிஞர் பலர் நெகிழ்வு காட்டியுள்ளனர். இந்தோனேசியாவின் உலமா மன்றமும் மதுத் தொழிலிலிருந்து வராத எத்தனாலை அனுமதிக்கிறது. ஆயினும் நடைமுறையில் பலர் அத்தரையே நாடுகின்றனர். சட்ட நெகிழ்வு இருக்கும் இடத்திலும் பேணுதல் அதனைவிட இறுக்கமாக இயங்குகிறது. கற்றறிந்தோர் ‘கூடும்’ என்றாலும் மனம் ஒப்பாதபோது பொருள் விற்பனையாவதில்லை.

கார்மைன் என்னும் செஞ்சாயத்தின் நிலை இன்னும் சுவையானது. கள்ளிச் செடியில் வாழும் கொச்சினியல் என்னும் சிறு பூச்சியை உலர்த்திப் பிழிந்தெடுக்கப்படும் இச்சாயம், உதட்டுச்சாயங்களில் சி.ஐ. 75470 என்னும் எண்ணில் மறைந்திருக்கும். இந்தோனேசிய உலமா மன்றம் 2011-இல் இதனை ஆகுமானது எனத் தீர்ப்பளித்தது. பூச்சிகளை உண்பதை ஏற்காத ஹனஃபி மரபில் உதட்டுச்சாயம் வாய்க்குள் செல்லுமே என்னும் தயக்கம் தொடர்கிறது. பட்டும் புழுவிலிருந்து வருவதே. ஆனால் அதைத் தூய்மையற்றதென எவரும் கருதுவதில்லை. பட்டுப்புழுவை விலக்குவோர் இவ்வட்டாரத்தில் வேறு காரணத்தால் விலக்குகின்றனர். உயிர்க்கொலை கருதிப் பட்டைத் தவிர்க்குமாறு காஞ்சி சங்கர மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி வலியுறுத்தியது பலரும் அறிந்தது. ஒரே வகை உயிரினத்தின் ஆக்கத்தை ஒருவர் அகிம்சை கருதியும் மற்றொருவர் தூய்மை கருதியும் ஆராய்கின்றனர் என்பதால், ‘விலங்குப் பொருள் இல்லாதது’ என்னும் வாசகம் இரு சாராரையும் ஒரே கடையில் சேர்க்கிறது. அகமதாபாத்தில் 2014-இல் தொடங்கப்பட்ட இபா என்னும் நிறுவனம் ஹலால் சான்றுடன் விலங்குப் பொருள் சேராமை, விலங்குச் சோதனையின்மை ஆகியவற்றையும் விளம்பரப்படுத்தியதன் காரணம் இதுவே.

நகச்சாயமும் மருதாணியும்

ஒளுவின்போது கழுவப்படும் உறுப்புகளில் நீர் படவேண்டும். நகத்தின்மீது படலமாகப் படியும் சாயம் நீரைத் தடுக்கிறது; மருதாணி நிறத்தை மட்டும் ஏற்றிவிட்டு நீருக்கு வழிவிடுகிறது. ஆகவே நகச்சாயத்தின் உட்பொருள்கள் அனைத்தும் ஆகுமானவையாக இருந்தாலும் தொழுபவர்க்கு அது பயன்படாமல் போகிறது. போலந்து நாட்டின் இங்லாட் நிறுவனம் 2010-களின் தொடக்கத்தில் காற்றும் நீராவியும் ஊடுருவும் நகச்சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அது முசுலிம் பெண்களிடையே எதிர்பாராத வரவேற்பைப் பெற்றது. நீராவி புகுவதும் நீர் புகுவதும் ஒன்றா என்னும் விவாதம் உலமாக்களிடையே எழுந்தது. இத்தகைய பொருளை வாங்குபவர் உண்மையில் ஒரு சாயத்துடன் ஒரு மார்க்கத் தீர்ப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

மருதாணியின் மீது ஐயமில்லாத நம்பிக்கை நிலவுகிறது. அந்த நம்பிக்கையே சில வேளைகளில் தீங்காகிறது. உடனே கருஞ்சிவப்பு ஏறவேண்டும் என்பதற்காகச் சில கூம்புக் குழல் மருதாணிகளிலும் ‘கறுப்பு மருதாணி’யிலும் பாரா-பினைலீன்டைஅமீன் என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்படுவதும், அதனால் கொப்புளமும் ஒவ்வாமையும் உண்டாவதும் தோல் மருத்துவர்கள் நன்கறிந்தவை. அரைத்த இலைக்கு முத்திரை தேவைப்பட்டதில்லை; குழலில் அடைத்து வந்தபின்னும் அதே நம்பிக்கை அப்படியே தொடர்கிறது. குர்ஆன் ‘ஹலால்’ என்பதோடு ‘தய்யிப்’ (நல்லது, தூயது) என்னும் சொல்லையும் இணைத்தே வழங்குகிறது. பேணுதலை இரண்டாம் சொல்லுக்கும் நீட்டினால், கறுப்பு மருதாணி பன்றிக் கொழுப்புக்கு நிகரான ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டும். நடைமுறையில் அவ்வாறு நிகழவில்லை.

முத்திரையும் அரசும்

மலேசியாவில் ஒப்பனைப் பொருள்களுக்கான ஹலால் தரநிலை 2008-இல் வெளியிடப்பட்டது. சான்றளிப்பது ஜாகிம் என்னும் அரசுத் துறை. இந்தோனேசியா 2014-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டத்தின்வழி ஹலால் சான்றைக் கட்டாயமாக்கியது. ஒப்பனைப் பொருள்களுக்கு 2026 அக்டோபர் 17 கெடு நாள். அங்கே 1995-இல் தோன்றிய வர்தா என்னும் ஒப்பனைப் பெயர் இன்று நாடறிந்த ஒன்று. இந்நாடுகளில் நடந்த ஆய்வுகளே ஹலால் ஒப்பனை நுகர்வு குறித்த ஆய்வுகளுள் பெரும்பகுதி. ஐசெக் அஜ்சன் 1991-இல் வகுத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டின்படி மனப்பாங்கு, சுற்றத்தார் எதிர்பார்ப்பு, தன்னால் இயலும் என்னும் உணர்வு ஆகிய மூன்றையும் அவை அளக்கின்றன. அரசு முத்திரை எங்கும் கிடைக்கும் சூழலில் மூன்றாவது காரணி சிறிதாகத் தெரிவது இயல்பு. அம்முடிவுகளை அப்படியே வாலாஜாபாத்திற்குப் பொருத்துவது முறையன்று. இங்கே ‘தன்னால் இயலும்’ என்பதே முதற்சிக்கல். முத்திரை தேடுபவர் அதைக் கடையில் காண்பது அரிது.

இந்தியாவில் ஒப்பனைப் பொருளுக்கு அரசின் ஹலால் முத்திரை இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹலால் இந்தியா, ஜமீயத் உலமாயே ஹிந்த் ஹலால் அறக்கட்டளை முதலிய தனியார் அமைப்புகளே சான்றளிக்கின்றன. ஒப்பனைப் பொருளில் விலங்கு மூலம் உள்ளதா என அறியும் உரிமை நுகர்வோர்க்கு உண்டென 2002-இல் தில்லி உயர்நீதிமன்றம் கூறியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அடுத்த ஆண்டே சோப்பு, ஷாம்பு, பற்பசை முதலிய பொதிகளில் தாவர மூலத்திற்குப் பச்சைப் புள்ளியும் விலங்கு மூலத்திற்குச் சிவப்பு அல்லது பழுப்புப் புள்ளியும் இடவேண்டும் எனப் பொதிப்பொருள் விதிகளில் திருத்தம் வந்தது. பச்சைப் புள்ளி முசுலிம் நுகர்வோர்க்குப் பாதி விடை தருகிறது. பன்றி இல்லை என்பது உறுதியாகிறது. சாராயம் உண்டா என்பது தெரிவதில்லை. சைவ உணவினரின் ஐயத்தைத் தீர்க்க வந்த குறி, வேறொரு சமயத்தாரின் பேணுதலுக்குத் துணையாவது சந்தையின் எதிர்பாராத நன்மைகளுள் ஒன்று.

2023 நவம்பரில் உத்தரப்பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, பகிர்வு, விற்பனை ஆகியவற்றைத் தடைசெய்தது. மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் ஆகியவற்றைப் பொறுத்தவரை, 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய குறியீட்டிற்கு இடமில்லை எனக் காரணம் கூறப்பட்டது. ஏற்றுமதிப் பொருள்களுக்கு விலக்களிக்கப்பட்டது. தமிழகத்தில் அத்தகைய தடை இல்லை. எனினும் இவ்வாணை, முத்திரை என்பது நுகர்வோர்க்கும் உற்பத்தியாளர்க்கும் இடைப்பட்ட உறுதிமொழி என்னும் நிலையிலிருந்து பொதுவெளி வழக்காக மாறியதைக் காட்டுகிறது. வழக்காகிவிட்ட முத்திரையை உள்நாட்டுப் பொதியில் பெரிதாக அச்சிட உற்பத்தியாளர் தயங்குவர் எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின் அதே ஆலையில் உருவாகும் பூச்சு மலேசியாவுக்குச் செல்லும்போது முத்திரையுடனும், வாலாஜாபாத்திற்கு வரும்போது முத்திரையின்றியும் வரும்.

வீடும் கடையும்

முத்திரை அரிதாக உள்ள இடத்தில் அதன் வேலையை மனிதர்கள் செய்கின்றனர். மகளிர்க்கான நிஸ்வான் மதரஸாவில் ஓதிய பெண், வளைகுடாவிலிருந்து திரும்பும் உறவினர், ஜும்ஆ உரையில் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டும் ஆலிம், கைப்பேசிச் செயலியில் உட்பொருள் எண்களைத் தேடும் கல்லூரி மாணவி ஆகியோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகைச் சான்றாளர். மாமியாரின் ஒரு சொல் இவர்கள் அனைவரின் தீர்ப்பையும் தள்ளிவிடுவதும் உண்டு. அஜ்சன் ‘சுற்றத்தார் எதிர்பார்ப்பு’ என ஒரே கூறாக அளந்தது இங்கே அறிவும் அதிகாரமும் எனப் பிரிந்து நிற்கிறது. மகளுக்கு அறிவு உண்டு. வாங்கும் அதிகாரம் தாயிடமோ மாமியாரிடமோ இருக்கிறது. இருவரையும் தனித்தனியே கேளாத படிவத்தில் இது பதிவாகாது.

விலையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. சான்று பெறுவதற்கான செலவு விலையில் ஏறும். வருவாய் குறைந்த குடும்பத்தில் பேணுதல் என்பது விலை உயர்ந்த மாற்றுப் பொருளை வாங்குவதாக அன்றி, எதையும் வாங்காமல் சந்தனம், அத்தர், சுர்மா, மருதாணி ஆகியவற்றோடு நிற்பதாகவே வெளிப்படும். விற்பனைக் கணக்கை மட்டும் நோக்கும் ஆய்வு இவர்களை ‘ஹலால் ஒப்பனையில் ஆர்வமற்றோர்’ எனக் கணக்கிட்டுவிடும். உண்மையில் அவர்களே மிகவும் பேணுதலானவர்களாக இருக்கக்கூடும்.

பொதியின் மொழியும் ஒரு தடை. உட்பொருள் பட்டியல் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், இலத்தீனும் வேதியியலும் கலந்த பெயர்களால், உருப்பெருக்கி வேண்டிய அளவில் அச்சாகிறது. ‘கிளிசரின்’ என எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாலும் அது எதிலிருந்து வந்தது என்பது அப்பெயரில் இல்லை. எனவே வாசிக்கத் தெரிந்தவரும் வாசிக்கத் தெரியாதவரும் இறுதியில் கடைக்காரரிடமே வந்து சேர்கின்றனர். “இதில் பன்றி, சாராயம் ஏதும் இல்லையே?” என்று கேட்கப்படும்போது, மொத்த வணிகரிடமிருந்து பெட்டியாக வாங்கி அடுக்கிய அந்தக் கடைக்காரரும் தம் பொதியைத் திருப்பிப் பார்த்து, அதே பட்டியலைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.